பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் பழைய உருவப்படங்கள் ஏன் உள்ளங்கையில் அடங்கும் அளவில் இருக்கின்றன?

இவற்றைச் சிற்றோவியங்கள் என்பார்கள்: ஓரிரு அங்குல உயரத்தில் நீர்வண்ணத்தால் தீட்டிய முகப்படங்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரபுக் குடும்பத்து இளைஞர்கள் ராணுவப் பதவியை விலை கொடுத்தே வாங்கலாம். உயிரோடு திரும்புவதற்கு மட்டும் உத்தரவாதம் இல்லை. புகைப்படம் பரவியது 1839க்குப் பிறகுதான். ஆகவே கப்பலேறும் முன் படம் வரையச் செய்து, தாயிடமோ மனைவியிடமோ கொடுத்துவிட்டுப் போனார்கள். இன்று பர்ஸில் வைத்திருக்கும் புகைப்படம் போலத்தான். கூடவே எடுத்துச்செல்ல வேண்டும் என்பதால் சிறிய அளவு. சிலவற்றின் பின்புறக் கண்ணாடிக்குள் படத்தில் இருப்பவருடைய தலைமுடியையும் பின்னி வைத்திருப்பார்கள்!

முகத்தின் பொலிவுக்குக் காரணம் தந்தம். ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாகச் சீவிய தந்தத்தகட்டில் வண்ணத்தை நீர்க்கப் பூசினால், அடியிலுள்ள வெண்மையே தோலின் ஒளியாகத் தெரியும். சிவப்புக் கோட்டுக்கும் பொன்சரிகைக்கும் மட்டும் அடர்த்தியான வண்ணம். இதில் கைதேர்ந்த ஜான் ஸ்மார்ட் 1785 முதல் 1795 வரை சென்னையில் இருந்து, ஆற்காட்டு நவாபையும் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளையும் வரைந்தார்.

பெரிய எண்ணெய் ஓவியங்களைச் சுருக்கிய நகல்கள் இவை என்று பலர் நினைக்கிறார்கள்; அப்படியும் சில உண்டு, ஆனால் பெரும்பாலானவை ஆளை எதிரே உட்காரவைத்து நேரடியாக வரைந்தவை.