ஜிஜி ஏன் மறுபடி பேசவில்லை?

கேள்வி: என் 13 வயது மகளோடு ‘கிகிஸ் டெலிவரி சர்வீஸ்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் பார்த்தேன். சூனியக்காரச் சிறுமி கிகிக்குப் பறக்கும் சக்தி போய், கடைசியில் திரும்பி வந்துவிடுகிறது. ஆனால் அவளோடு பேசிக்கொண்டிருந்த கறுப்புப் பூனை ஜிஜி மட்டும் மறுபடி பேசவே இல்லை. மகள் அழுதுவிட்டாள். இயக்குநர் மறந்துவிட்டாரா?
– ஒரு வாசகி

பதில்: மறக்கவில்லை, சகோதரி. 1989-ல் ஹயாவோ மியாசாகி எடுத்த மூலப் படத்தில் ஜிஜி கடைசிவரை ‘மியாவ்’ என்பதோடு சரி. 1998-ல் வந்த ஆங்கில டப்பிங்கில்தான் அது திரும்பப் பேசுவதுபோல ஒரு வசனம் சேர்த்தார்கள். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. அழவேண்டிய இடத்தில் பிள்ளைகள் அழட்டும்.

அந்தக் குரல் எப்போது நிற்கிறது என்று பாருங்கள். ஒரு பாட்டி, பேத்தியின் பிறந்தநாள் விருந்துக்கு மீனும் பூசணியும் வைத்து அடுப்பில் சுடும் ‘பை’ (pie) என்ற பண்டம் ஒன்று அனுப்ப நினைக்கிறார். மின்சார அடுப்பு சூடாகவில்லை. கிகி பழைய விறகடுப்பை மூட்டி, வேகும்வரை காத்திருந்து, கொட்டும் மழையில் தான் நனைந்தாலும் கூடை நனையாமல் கொண்டுபோகிறாள். கதவைத் திறந்த பேத்தி, “இந்தப் பை எனக்குப் பிடிக்காதுன்னு பாட்டிகிட்டச் சொன்னேனே” என்று வாங்கிக்கொண்டு கதவைச் சாத்துகிறாள். அவ்வளவுதான். யாரும் திட்டவில்லை. கிகி காய்ச்சலில் விழுகிறாள். உடம்பு தேறி, நண்பன் டொம்போவோடு கடற்கரைக்குப் போனால், அவன் கூட்டாளிகள் நடுவே அதே பெண் நிற்கிறாள். முகம் கடுத்து வீடு திரும்பிய அன்றுதான் ஜிஜியின் பேச்சு வெறும் பூனைச் சத்தமாகிறது.

என்னிடம் ஒரு மரப்பாச்சி இருந்தது. பாட்டி வீட்டுத் திண்ணையில் நான் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லும். எட்டாம் வகுப்பு விடுமுறையில் போய் எடுத்தேன். கையில் கட்டைதான் இருந்தது. வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் மகள் அழுதது எனக்குப் புரிகிறது.

காட்டுக் குடிசையில் ஓவியம் வரையும் உர்சுலாவை அவளுக்கு நினைவூட்டுங்கள். வரைய வராதபோது வரைவதை நிறுத்திவிடு, நட, வேடிக்கை பார், மதியம் தூங்கு என்கிறாளே, அவள். ஜப்பானிய மொழியில் கிகிக்கும் உர்சுலாவுக்கும் குரல் கொடுத்தவர் ஒருவரே, மினாமி தகாயாமா. வளர்ந்துவிட்ட கிகியே வந்து சின்னவளிடம் பேசுவதுபோல எனக்குக் கேட்கும்.

கடைசியில் பெயர்கள் ஓடும்போது டிவியை அணைத்துவிட்டீர்களா? அங்கேதான் ஜிஜியும் அதன் வெள்ளைப் பூனையும் குட்டிகளோடு வருகின்றன. ஒரு குட்டி அப்பனைப்போலவே கறுப்பு. கிகியைப்போல உடுத்திக்கொண்டு துடைப்பத்தோடு தெருவில் நடக்கும் ஒரு சின்னப் பெண்ணும் வருவாள். சில நாள் சோர்ந்து போனாலும் இந்த ஊர் எனக்குப் பிடித்திருக்கிறது என்று கிகி வீட்டுக்கு எழுதும் கடிதமும் அங்கேதான். மகளைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தச் சில நிமிடங்களை மட்டும் மறுபடி பாருங்கள்.