மாசமா இருக்கும்போது மனநல மாத்திரை ஆகாதா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வயது 27. மன அழுத்தத்துக்கு ரொம்ப நாளாக செர்ட்ராலின் 50 மி.கி. சாப்பிடுகிறேன். இப்போது நாள் தள்ளி ஏழு வாரம். பக்கத்து கிளினிக் டாக்டர் சீட்டைப் பார்த்ததும், “இன்னைக்கே நிறுத்திடும்மா, குழந்தைக்கு ஆகாது” என்றார். போன வாரம் நிறுத்தினேன். தலை சுற்றுகிறது, தூக்கமில்லை, சும்மாவே அழுகை வருகிறது. மாமியார் மசக்கைதான் என்கிறார்.

பதில்: மசக்கையும் இருக்கலாம் அம்மா. ஆனால் மாத்திரையைச் சட்டென்று விட்டாலும் இப்படித்தான் படுத்தும். உங்கள் மனநல மருத்துவரை நாளைக்கே பாருங்கள். திரும்பத் தொடங்கச் சொன்னால் பயப்படாமல் சாப்பிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு அதிகம் கொடுத்துப் பழகிய மருந்துகளில் செர்ட்ராலினும் ஒன்று. தாய்ப்பாலிலும் மிகக் கொஞ்சமே இறங்கும். பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கம், சிணுங்கல் இருக்கலாம். அதற்காகத்தான் பிரசவம் பார்ப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். மன அழுத்தம் திரும்பினால் சாப்பாடு, தூக்கம், செக்கப் எல்லாமே கெடும். அதுவும் குழந்தையைத்தான் பாதிக்கும்.

அந்த டாக்டர் கெடுதல் நினைத்துச் சொல்லவில்லை. எம்.பி.பி.எஸ். படிப்பில் மனநலத்துக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். அதனால் எல்லா மாத்திரையையும் ஒன்றாகவே பார்க்கிறார்கள். உண்மையில் பதற வேண்டியது சோடியம் வால்ப்ரோயேட்டைப் பார்த்து. வலிப்புக்கும், மனநிலை மாறி மாறி ஏறி இறங்கும் பைபோலார் நோய்க்கும் தருவது. வயிற்றில் இருக்கும்போது அது பட்ட குழந்தைகளில் சுமார் 10-க்கு 1 பிறவிக் குறையோடு பிறக்கிறது. 10-க்கு 3, 4 குழந்தைகள் பேச்சிலும் படிப்பிலும் பின்தங்குகின்றன. அதைக் கல்யாண வயதுப் பெண்ணுக்கு எதுவும் கேட்காமல் வருஷக்கணக்கில் எழுதித் தருகிறார்களே, அங்கேதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. ஆனால் அதையும் யாரும் தானாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வந்துவிடும். மாசம் என்று தெரிந்த அன்றைக்கே டாக்டரிடம் ஓட வேண்டும்.

மருந்துக் கடையில் அட்டையைக் கத்தரித்துத் தரும்போது பெயர் இருக்கும் பக்கம் போய்விடுகிறது. என்னிடம் வருகிறவர்கள் பலரும் “சின்னதா, வெள்ளையா ஒரு மாத்திரை” என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் முழு அட்டையாக வாங்குங்கள். மனநல டாக்டரிடம் மருந்தின் பெயர், அளவு, ஏன் தொடர வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வாங்கிப் பிரசவ ஃபைலிலேயே வையுங்கள். ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு பிரசவ ஆஸ்பத்திரியில் பதிந்திருந்தால் ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது.

உயிரை விடும் எண்ணம் வந்தால் காத்திருக்காதீர்கள், நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராத்திரியில் பேச ஆள் வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, காசு கிடையாது. நாளைக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சந்தேகத்தை டாக்டரிடமே கேட்கட்டும்.