வாட்ச் காட்டும் பிரஷர் – கடிதமும் பதிலும்

வணக்கம்.

என் அப்பாவுக்கு வயது 67. அம்மாவோடு திருநெல்வேலியில் இருக்கிறார். பல வருடமாகப் பிரஷருக்கும் சுகருக்கும் மாத்திரை எடுக்கிறார். தீபாவளிக்கு அவருக்கு 2,000 ரூபாயில் ஒரு ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தேன். துடிப்பு, ஆக்ஸிஜன், பிரஷர், தூக்கம் எல்லாம் காட்டுகிறது. பிரஷர் தினமும் 118/76, 121/78 என்றுதான் வருகிறது. போனில் இருக்கும் ஏஐயிடம் கேட்டிருக்கிறார். அதுவும் நார்மல் என்று சொல்லியிருக்கிறது. அதை நம்பி ராத்திரி மாத்திரையை நிறுத்திவிட்டார். அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கேட்டால், "வாட்ச்சும் ஏஐயும் ஒண்ணுபோலச் சொல்லுது, டாக்டர் மூணு மாசத்துக்கு ஒருக்காதான பாக்காரு" என்கிறார். சுகரும் காட்டுகிற வாட்ச் ஒன்று இருப்பதாக அக்கா சொல்கிறாள். அதை வாங்கலாமா? விலை கூடின வாட்ச் வாங்கினால் பிரஷர் சரியாகக் காட்டுமா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

முதலில் மாத்திரை, மற்றதெல்லாம் அப்புறம். இன்றைக்கே அப்பாவின் டாக்டரைக் கூப்பிட்டு, எந்த மாத்திரை, எத்தனை நாளாக நிறுத்தியிருக்கிறார் என்று சொல்லி, எப்படித் திரும்பத் தொடங்குவது என்று கேளுங்கள். விட்டதை ஈடுகட்ட அவராகவே இரண்டு சேர்த்துப் போட்டுவிட வேண்டாம். அட்டையில் அடினோலால், மெட்டோப்ரோலால் என்று இருந்தால் இன்னும் அவசரம். அந்த வகையைச் சட்டென்று நிறுத்தினால் படபடப்பும் நெஞ்சுவலியும் வரலாம். ஏற்கெனவே இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு மாரடைப்பு வரைக்கும் போகலாம். குளோனிடின் என்றால் பிரஷர் பழைய அளவையும் தாண்டி ஏறக்கூடும்.

அந்த 118 உண்மையான எண் என்றே வைத்துக்கொள்வோம். மாத்திரை சாப்பிடுகிறவருக்கு 118 வந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று பொருள். அப்பாவுக்கு இதை மட்டுமாவது புரிய வைத்துவிடுங்கள்.

இப்போது வாட்ச். கழற்றிப் பின்பக்கம் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் தோலுக்கடியில் உள்ள நுண்குழாய்களில் ரத்தம் கொஞ்சம் கூடிக் குறைகிறது. திரும்பி வரும் ஒளியும் அதற்கேற்ப மாறுகிறது. விளக்குக்குப் பக்கத்தில் இருக்கும் சென்சார் பார்ப்பது அந்த மாற்றத்தை மட்டும்தான். துடிப்பை எண்ண இது போதும். ரத்தம் குழாய்ச் சுவரை எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பது அந்த ஒளியில் நேரடியாகக் கிடையாது. அலையின் வடிவத்தை வைத்து மென்பொருள் அதை ஊகிக்கிறது. சில வாட்ச்கள் செயலியில் நீங்கள் பதிந்த வயது, எடையையும் சேர்த்துக்கொள்கின்றன. ஊகம் எப்போதும் பெரும்பாலானோருக்குப் பொருந்துகிற எண்ணின் பக்கமே சாயும். அப்பாவுக்குத் தினமும் 120-ஐ ஒட்டியே வருவதை நான் நல்ல அறிகுறியாகப் பார்க்கவில்லை. உண்மையான பிரஷர் ஒரே நாளில் தூக்கத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே 20, 30 புள்ளி சாதாரணமாக ஏறி இறங்கும்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். டிஷ்யூ பேப்பர் உருளையிலோ இறுக்கிச் சுருட்டிய துண்டிலோ வாட்ச்சைக் கட்டிப் பிரஷர் அளக்கச் சொல்லுங்கள். மலிவு வாட்ச்கள் பல அதற்கும் ஒரு துடிப்பும் ஒரு பிரஷரும் சொல்லும். சொல்லாவிட்டால் வாட்ச் சரி என்று ஆகிவிடாது. தோல் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

விலை கூடினதும் இதே ஒளியைத்தான் நம்புகிறது. சாம்சங் வாட்ச்சில் பிரஷர் பார்க்க முதலில் கையில் பட்டை கட்டும் மெஷினில் மூன்று முறை அளந்து அந்த எண்களைக் கொடுக்க வேண்டும். 28 நாளுக்கு ஒருமுறை திரும்பவும் கொடுக்க வேண்டும். அதாவது மெஷின் இல்லாமல் அந்த வாட்ச்சால் ஆகாது. ஆப்பிள் 2025 செப்டம்பரில் கொண்டுவந்த வசதி எண்ணே சொல்வதில்லை. 30 நாள் சென்சார் பதிவைச் செயற்கை நுண்ணறிவு அலசி, உயர் ரத்த அழுத்தம் இருக்கக்கூடும், மெஷினில் பாருங்கள் என்று எச்சரிக்கை மட்டும் தருகிறது. எச்சரிக்கை வராததால் பிரஷர் இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அத்தனை தரவை வைத்திருக்கும் நிறுவனமே எண் சொல்லாமல் நிறுத்திக்கொள்ளும்போது, 2,000 ரூபாய் வாட்ச் கடைசி இலக்கம்வரை சொல்வதை எப்படி நம்புவது? வாரிலேயே காற்று நிரம்பும் பை வைத்த ஓம்ரான் ஹார்ட்கைடு, ஹுவாவே வாட்ச் டி போன்றவை வேறு ரகம். அவை உண்மையிலேயே அழுத்தி அளக்கின்றன. ஆனால் விலை அதிகம், அளக்கும்போது மணிக்கட்டை இதயத்தின் உயரத்தில் வைக்காவிட்டால் அவையும் தவறும்.

ஆகவே அப்பாவுக்கு வாங்க வேண்டியது மேற்கையில் பட்டை கட்டும் சாதாரண டிஜிட்டல் பிபி மெஷின். 2,000 ரூபாயை ஒட்டியே நல்லது கிடைக்கும். மாடல் எண்ணை ஸ்ட்ரைட் பிபி (STRIDE BP) இணையதளத்தின் பட்டியலில் தேடிப் பார்த்து வாங்குங்கள்; முறைப்படி சோதித்துத் தேறியவை அதில் இருக்கின்றன. வாங்குமுன் தையல் டேப்பால் அப்பாவின் மேற்கைச் சுற்றளவை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அளந்துகொள்ளுங்கள். பெட்டியோடு வரும் பட்டை பெரும்பாலும் 22 முதல் 32 செ.மீ. வரைக்கும்தான். கை அதைவிடப் பருமன் என்றால் பெரிய பட்டை தனியாகக் கேட்க வேண்டும். சின்னதை இழுத்துக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும்.

அளப்பதில்தான் அதிகம் தப்பு நடக்கிறது. காபி, சிகரெட், நடை எல்லாம் முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். சிறுநீர் கழித்துவிட்டு வந்து, சாய்மானமுள்ள நாற்காலியில், பாதம் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். பட்டை சட்டைமேல் வேண்டாம், வெறுங்கையில், முழங்கை மடிப்புக்கு இரண்டு விரல் மேலே. கையை மேசைமேல் வைத்தால் பட்டை நெஞ்சுமட்டத்துக்கு வந்துவிடும். கை தொங்கினால் எண் கூடும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. காலையில் மாத்திரைக்கு முன், ராத்திரி படுக்குமுன். ஏழு நாள் எழுதி, முதல் நாளை விட்டுவிட்டு மீதி ஆறு நாளின் சராசரியைப் பாருங்கள். வீட்டில் அளப்பதில் சராசரி 135/85-க்கு மேல் இருந்தால் உயர்வு என்று கணக்கு. முதல் நாள் இரண்டு கையிலும் அளந்து, எதில் கூடுதலோ அந்தக் கையிலேயே தொடரவும். 180/120-க்கு மேல் வந்து, ஐந்து நிமிடம் கழித்தும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிட வேண்டும்; கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய்க்குழறல், ஒரு பக்கம் மரத்துப்போதல் இருந்தால் 108.

சுகர் வாட்ச் வேண்டாம். தோலில் குத்தாமல் ரத்தச் சர்க்கரையை அளக்கும் எந்த வாட்ச்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. தப்பான எண்ணை நம்பி இன்சுலினையோ மாத்திரையையோ கூட்டினால் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கி மயக்கம் வரலாம், உயிரே போகலாம். சர்க்கரையைத் தொடர்ந்து பார்க்க மேற்கையில் ஒட்டும் சிஜிஎம் சென்சார் வேறு; மெல்லிய இழை தோலுக்குள் போய் இருக்கும், ஃப்ரீஸ்டைல் லிப்ரே போன்றவை 14, 15 நாள் வேலை செய்யும். சில சிஜிஎம்களின் எண்ணை வாட்ச் திரையிலும் பார்க்கலாம். அக்கா பார்த்தது அப்படிப்பட்ட படமாகவும் இருக்கலாம்.

'வாட்ச்சும் ஏஐயும் ஒண்ணுபோலச் சொல்லுது' என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்பட வைத்த வரி. அவை இரண்டு சாட்சிகள் இல்லை. ஏஐக்கு அப்பாவின் கையும் தெரியாது, மாத்திரையும் தெரியாது. 118/76 என்று எழுதிக் கேட்டால் அந்த எண்ணுக்குத்தான் பதில் வரும். வாட்ச்சின் ஊகத்தையே அது திருப்பிச் சொல்லியிருக்கிறது. கேள்வியை மாற்றிக் கேட்கச் சொல்லுங்கள்: "எனக்கு 67 வயது, பிரஷருக்கு இந்த மாத்திரை எடுக்கிறேன். இந்த எண் பட்டை இல்லாத ஸ்மார்ட் வாட்ச்சில் வந்தது. இதை வைத்து மாத்திரையை நிறுத்தலாமா?" இப்படிக் கேட்டால் பெரும்பாலும் நிறுத்தாதீர்கள் என்றுதான் வரும். அப்போதும் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ அதன் பேச்சு போதாது. ஏழு நாள் எண்களைக் கொடுத்து அட்டவணையாக்கவும், டாக்டரிடம் கேட்க வேண்டியதைத் தமிழில் எழுதி வாங்கவும் அதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். சராசரியை மட்டும் நீங்கள் ஒருமுறை கால்குலேட்டரில் சரிபாருங்கள்.

வாட்ச்சைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நகராத அளவுக்கு இறுக்கிக் கட்டினால், சும்மா உட்கார்ந்திருக்கும்போது துடிப்பை ஓரளவு சரியாகவே சொல்லும். நடக்கும்போது சில சமயம் காலடி வேகத்தையே துடிப்பு என்று எடுத்துக்கொள்ளும். பச்சை குத்திய இடத்தில் தடுமாறும். செயலிக்குள் போய்ப் பிரஷர் பக்கத்தை முகப்பிலிருந்து எடுத்துவிட முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

அப்பாவிடம் வாதாட வேண்டாம். நோட்டில் நடுவே கோடு போட்டு, மெஷின் எண்ணுக்குப் பக்கத்திலேயே அதே நேரத்து வாட்ச் எண்ணையும் ஏழு நாள் அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டையும் மெஷினையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய், அவருடைய கருவியோடு ஒருமுறை ஒப்பிட்டுவிடச் சொல்லுங்கள். ராத்திரி மாத்திரை இனி வேண்டுமா, அளவு மாற வேண்டுமா என்பதை டாக்டர் அங்கே முடிவு செய்யட்டும்.