அத்தானின் ஒமேகாவும் மனைவியின் சீக்கோவும்

கேள்வி: கப்பல் முகவர் நிறுவனமொன்றில் கணக்காளராக இருக்கிறேன். வயது 31, திருமணமாகி இரண்டு வருடம். சின்ன வயதிலிருந்தே நல்லதொரு குரோனோகிராஃப், அதாவது பொத்தானை அழுத்தி நேரத்தைக் கணக்கிடவும் உதவும் கைக்கடிகாரம், கட்ட ஆசை. போனஸும் சேமிப்புமாகக் கையில் எட்டு இலட்சம் ரூபாய் இருக்கிறது. கனடாவில் இருக்கும் அத்தான் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் வாங்கித் தருகிறேன், மிச்சத்தை மாதாமாதம் எனக்கு அனுப்பினால் போதும் என்கிறார். "அது தங்கம் மாதிரி, விலை ஏறிக்கொண்டே போகும்" என்பது அவருடைய வாதம். மனைவியோ, அறுநூறு டொலர் சீக்கோவும் அதே வேலையைத்தான் செய்யும் என்கிறாள். இதற்கிடையில் புறக்கோட்டையில் ஒருவர் ரோலெக்ஸ் டேட்டோனாவை 45,000 ரூபாய்க்குத் தருவதாகச் சொன்னார். யார் சொல்வதைக் கேட்பது?
வெள்ளவத்தை வாசகர்

பதில்: தம்பி, புறக்கோட்டைக்காரரை முதலில் அனுப்பிவிடுவோம். உருக்கில் செய்த டேட்டோனாவின் கடை விலையே 15,000 அமெரிக்க டொலருக்கு மேல். அந்த விலைக்கும் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். 45,000 ரூபாய்க்கு வருவது என்ன என்பது விற்பவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள், பாடமாக இருக்கும். இப்போதைய அசல் டேட்டோனாவில் நடுவிலுள்ள நீண்ட முள் பொத்தானை அழுத்தும்வரை 12இல் அசையாமல் நிற்கும். செக்கன் ஓடுவது 6 மணிப் பக்கத்துச் சின்ன வட்டத்தில். திகதி காட்டும் சாளரம் கிடையாது. போலிகளில் பெரும்பாலும் நடு முள் சும்மா ஓடிக்கொண்டே இருக்கும், சின்ன வட்டங்கள் கிழமையைக் காட்டும், அல்லது வெறும் அலங்காரமாக இருக்கும்.

இனி உங்கள் மனைவி. நேரம் காட்டும் வேலையை மட்டும் எடுத்தால் அவர் சீக்கோவுக்குக் குறைத்தே மதிப்புப் போட்டிருக்கிறார். அவர் சொல்லும் விலையை வைத்துப் பார்த்தால் அது சூரிய ஒளியில் மின்னேறும் ஸ்பீட்டைமராக இருக்க வேண்டும். அதற்கு மாதத்துக்கு 15 செக்கன் முன்பின் என்று கொம்பனியே எழுதித் தருகிறது. ஒரு சுவிஸ் இயந்திரம் குரோனோமீற்றர் என்ற துல்லியச் சான்றிதழ் வாங்க நாளொன்றுக்கு 4 செக்கன் பிந்தலாம், 6 செக்கன் முந்தலாம். இன்றைய ஸ்பீட்மாஸ்டர் இன்னும் கடினமான சோதனையில் தேறியது, நாளுக்கு 0 முதல் 5 செக்கன்தான் முந்தலாம். நீங்கள் கணக்காளர். ஐந்தை முப்பதால் பெருக்கிப் பாருங்கள்.

இதிலே ஒரு வேடிக்கை. 1969இல் மூன்று தரப்பினர் தானாகச் சாவி ஏறும் குரோனோகிராஃபை முதலில் கொண்டுவரப் போட்டி போட்டார்கள்: செனித், ஹோயரும் பிரைட்லிங்கும் சேர்ந்த கூட்டணி, சீக்கோ. அதே வருடம் நத்தார் தினத்தில் சீக்கோ உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை, அதாவது பற்றரியில் படிகத்தின் அதிர்வை வைத்து நேரம் காட்டுவதை, டோக்கியோவில் விற்பனைக்கு வைத்தது. விலை 450,000 யென், ஒரு சின்னக் காரின் விலை. அன்றைக்கு ஆடம்பரம் என்றால் குவார்ட்ஸ். இன்று அதே தொழில்நுட்பம் மெயின் ஸ்ட்ரீட் நடைபாதையில் கிடக்கிறது, பற்சக்கரம் கண்ணாடி அலுமாரிக்குள் ஏறிவிட்டது.

அப்படியானால் ஏழாயிரம் டொலருக்கு மேல் எதற்காகக் கொடுக்கிறார்கள்? பொத்தானை அழுத்தும்போது உள்ளே நடக்கும் வேலைக்காக. ஓடிக்கொண்டிருக்கும் சக்கரத் தொகுதியோடு, சும்மா நிற்கும் இன்னொரு சக்கரத்தை முள் துள்ளாமல் கோக்க வேண்டும். நிறுத்தும்போது பிரிக்க வேண்டும். கீழ்ப் பொத்தானை அழுத்தினால் சின்னச் சுத்தியல்கள் இதய வடிவத் தகடுகளின் மேல் விழுந்து, முள் எங்கே நின்றாலும் அதை 12க்குத் திருப்ப வேண்டும். இத்தனையும் நாணயமளவு இடத்துக்குள், மின்சாரம் ஒரு சொட்டும் இல்லாமல். இது மனிதர் செய்த அழகான பொருள்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அத்தானின் ஆசையையோ உங்கள் ஆசையையோ நான் கேலி செய்யப் போவதில்லை.

ஆனால் விலை கூடினால் உள்ளே இருப்பதும் அதே அளவுக்குக் கூடும் என்று நினைக்காதீர்கள். இந்தப் பொத்தான் வேலைகளை ஒழுங்குபடுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, எழுந்து நிற்கும் தூண்களுள்ள ஒரு சக்கரம். செய்வது சிரமம், அழுத்தும்போது விரலுக்கு வெண்ணெய். மற்றது, வெட்டியெடுத்த தகடுகள். மலிவு, உறுதி, கொஞ்சம் முரட்டு அழுத்தம். பித்துப் பிடித்தவர்கள் தூண் சக்கரத்தைத்தான் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். 1969இல் நிலவுக்குப் போன ஸ்பீட்மாஸ்டர்களில் அது இருந்தது, 321 என்ற இயந்திரம். அதற்கு முந்திய வருடமே ஒமேகா புதிய தயாரிப்புகளைத் தகட்டு முறைக்கு மாற்றத் தொடங்கிவிட்டது. அத்தான் சொல்லும் ஸ்பீட்மாஸ்டருக்குள் இருக்கும் 3861 இயந்திரம், அந்தத் தகட்டு வழி வந்ததுதான். தூண் சக்கரம் இன்று எங்கே கிடைக்கிறது தெரியுமா? சில நூறு டொலர் சீனத்துச் சீகலில். 1960களின் தொடக்கத்தில் சுவிஸ் வீனஸ் 175 இயந்திரத்தைச் செய்யும் கருவிகளைச் சீனர்கள் வாங்கி, தியன்ஜினில் தங்கள் விமானிகளுக்காகச் செய்யத் தொடங்கிய குரோனோகிராஃபின் வாரிசு அது. கையால் சாவி கொடுக்க வேண்டும். பின்பக்கம் கண்ணாடி போட்டதை எடுத்தால் சுத்தியல் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

சீகல் ஒமேகாவுக்குச் சமம் என்று சொல்ல வரவில்லை. சீகலில் ஒன்று நன்றாக ஓடும், அடுத்தது ஆறு மாதத்தில் முரண்டு பிடிக்கும். ஒமேகாவில் பாகங்கள் கவனமாக மெருகேற்றப்பட்டிருக்கும், 15,000 காவுஸ் பலமுள்ள காந்தத்தாலும் அதைக் குழப்ப முடியாது. நிலவுக் கதையும் விளம்பரத்துக்காகக் கட்டியதல்ல. 1965இல் நாசா சூட்டிலும் குளிரிலும் அதிர்விலும் போட்டுச் சோதித்து ஏற்றுக்கொண்டது. 1970இல் அப்பலோ 13 பாதி வழியில் பழுதானபோது, திசை திருத்த இயந்திரத்தை 14 செக்கன் எரிக்க வேண்டியிருந்தது. அதைக் கணக்கிட்டது விண்வெளி வீரரின் கையிலிருந்த ஸ்பீட்மாஸ்டர். அந்தப் பெயருக்கும் சேர்த்துத்தான் காசு. தெரிந்துகொண்டு கொடுப்பவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு உடன்பாடில்லாதது அத்தானின் தங்கக் கணக்கு. தங்கச் சங்கிலியைக் காலையில் செட்டியார் தெருவுக்குக் கொண்டுபோனால் நிறுத்துப் பார்த்துப் பகலுக்கு முன் காசு தருவார்கள், அடகும் பிடிப்பார்கள். ஸ்பீட்மாஸ்டரை எடுத்துக்கொண்டு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். அது வருடந்தோறும் தொழிற்சாலையிலிருந்து தொடர்ந்து வரும் பொருள். கடையை விட்டு வெளியே வந்ததும் பெரும்பாலும் விலை இறங்கும். டேட்டோனா போன்ற சிலவற்றுக்குத்தான் கைமாறும்போது விலை ஏறியது, அதுவும் 2022இன் தொடக்கத்தில் உச்சிக்குப் போய்ப் பிறகு சரிந்தது. 2017இல் நியூயோர்க்கில் ஒரு பழைய டேட்டோனா ஏறத்தாழ 17.8 மில்லியன் டொலருக்கு ஏலம் போனதை அத்தான் எடுத்துச் சொல்வார். அது நடிகர் போல் நியூமனின் கையில் கிடந்தது, அவருடைய மனைவி வாங்கிக் கொடுத்தது. உங்கள் மனைவி வாங்கிக் கொடுத்தாலும் அந்த விலை வராது.

இன்னொன்று. டொலரை முந்நூறு ரூபாய் என்று வைத்தாலும் ஸ்பீட்மாஸ்டர் இருபத்தொரு இலட்சம். எட்டைக் கழித்தால் பதின்மூன்று இலட்சம் கடன், அதுவும் வெளிநாட்டுக் காசில். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் இருநூறிலிருந்து முந்நூற்று அறுபதுக்குப் போனதை இந்த ஊரில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. அப்படி இன்னொரு தடவை நடந்தால் உங்கள் தவணை மட்டும் ஏறாது, அக்கா வீட்டுத் தொலைபேசி அழைப்புகளின் தொனியும் மாறும். வங்கிக் கடனை வங்கியோடு முடித்துக்கொள்ளலாம். அத்தானிடம் பட்ட கடன் கல்யாண வீட்டிலும் அந்தியேட்டியிலும் பக்கத்து நாற்காலியில் வந்து உட்காரும்.

நடுவில் இரண்டாயிரம் டொலர் அளவில் டிஸ்ஸோ, ஹமில்டன் என்று ஒரு வரிசை இருக்கிறது. எட்டு இலட்சத்துக்குள் அடங்குவதால் யாராவது அதைக் காட்டி உங்களை மயக்கக்கூடும். பெரும்பாலானவற்றுக்குள் ஓடுவது 1970களில் வந்த வால்ஜூ 7750 அல்லது அதன் பிள்ளைகள். கழுதை போல் உழைக்கும் நல்ல இயந்திரம். ஆனால் தடிப்பு. 14, 15 மில்லிமீற்றர் உயரம் உங்கள் அலுவலகச் சட்டையின் முழுக்கைக்குள் நுழையாது. சில வருடங்களுக்கொரு தடவை முழுதாகக் கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். முறையான இடத்தில் ஒரு குரோனோகிராஃபுக்கு அது பல நூறு டொலர் வேலை. ஏழாயிரம் டொலர்க்காரர் அதைப் பொறுத்துக்கொள்வார். இரண்டாயிரம் கொடுத்தவருக்கோ போட்ட காசோடு ஒப்பிட்டால் பராமரிப்புச் செலவு பெரும்பங்காகிவிடும். என்னைக் கேட்டால் உங்களுக்குக் கொஞ்சமும் பொருந்தாதது இந்த நடு வரிசைதான்.

கொழும்பையும் கணக்கில் எடுங்கள். வெள்ளவத்தையில் கடற்காற்று, 100ஆம் இலக்க பஸ்ஸில் வியர்வை. தோல் பட்டி இங்கே சீக்கிரம் நாறும், பூஞ்சணம் பிடிக்கும். உருக்குப் பட்டி அல்லது இறப்பர் எடுங்கள், இரவில் ஈரத்துணியால் துடையுங்கள். ஸ்பீட்மாஸ்டர் 50 மீற்றர் என்று சொல்லப்படுவதை நம்பிக் கல்கிசைக் கடலில் இறங்க மாட்டேன். உங்கள் மனைவி சொல்லும் சீக்கோவுக்கு 100 மீற்றர். எதுவானாலும் தண்ணீருக்குள் பொத்தானை அழுத்தக் கூடாது, அதன் வழியாகத்தான் நீர் புகும்.

ஆகவே என் பதில்: சீக்கோவை வாங்குங்கள். இரண்டு இலட்சத்துக்குக் கிட்ட முடியும், ஆறு இலட்சம் வங்கியில் இருக்கட்டும். பற்றரி மாற்றும் தொல்லையும் அடிக்கடி வராது, முழுதாக மின்னேறினால் இருட்டிலும் மாதக் கணக்கில் ஓடும். விளிம்பிலுள்ள வேக அளவையோடு விளையாடலாம். தெற்கு அதிவேகப் பாதையில் அடுத்தவர் கார் ஓட்டும்போது ஒரு கிலோமீற்றரைக் கணக்கிடுங்கள். 36 செக்கன் வந்தால் வேகம் 100, செக்கன் அதற்குக் குறைந்தால் வேகம் கூட என்று ஓட்டுபவரிடம் சொல்லுங்கள். காலி வீதியில் அது உதவாது, அளவை 60க்குக் கீழே போவதில்லை.

சுத்தியல் விழும் அழகு இல்லாமல் மனம் ஆறாதென்றால் சீகல் ஒன்றையும் சேர்த்து எடுங்கள், இரண்டும் சேர்ந்தாலும் மூன்று இலட்சத்தைத் தொடாது. ஒரு வருடம் தினமும் அதற்குச் சாவி கொடுக்கிறீர்களா என்று பாருங்கள். கொடுத்தீர்களானால் அதன் பிறகு ஒமேகாவுக்குச் சொந்தக் காசைச் சேர்க்கத் தொடங்கலாம். சீகல் பழுதானால் இங்கே திருத்துபவர்கள் பலர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள் என்பதையும் தெரிந்தே வாங்குங்கள்.

கடையில் செய்ய வேண்டியவை: மேல் பொத்தானை அழுத்தி ஓடவிடுங்கள், நிறுத்துங்கள், கீழ்ப் பொத்தானால் திருப்புங்கள். நீண்ட முள் 12இல் நேராக நிற்க வேண்டும். குவார்ட்ஸில் அது ஒரு கோடு தள்ளி நின்றால் பழுதென்று பயப்படாதீர்கள், பல மாதிரிகளில் சாவியை வெளியே இழுத்துவிட்டுப் பொத்தானால் நகர்த்திச் சரிசெய்யலாம், கடைக்காரரையே செய்து காட்டச் சொல்லுங்கள். உத்தரவாத அட்டையில் திகதியும் கடை முத்திரையும் விழுந்ததா என்று பாருங்கள். பட்டியை உங்கள் மணிக்கட்டுக்குச் சுருக்கும்போது கழற்றும் கண்ணிகளை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். வெயில் காலத்தில் கை வீங்கும், அப்போது ஒன்றைத் திரும்பப் போட வேண்டி வரும்.