தொற்றுநோய் ஃபெலோஷிப்: எந்தக் கிளை யாருக்கு?

அமெரிக்காவில் தொற்றுநோய் மருத்துவராகப் பணியாற்றும் மூத்தவர் ஒருவரிடம் இளம் மருத்துவர்கள் கேட்டவையும், அவர் தந்த பதில்களும். ஃபெலோஷிப் என்பது ரெசிடென்சிக்குப் பிறகு ஒரு துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி.

கே: அக்கா, நான் ரெசிடென்சி (மருத்துவப் பட்டத்துக்குப் பின் எடுக்கும் பயிற்சி) இரண்டாம் வருடம். ஐ.டி. (தொற்றுநோய்) ஃபெலோஷிப் மொத்தம் எத்தனை வருடம்?

ப: மூன்று வருட இன்டர்னல் மெடிசின் (பொது மருத்துவ) ரெசிடென்சிக்குப் பிறகு இரண்டு வருடம். அதில் குறைந்தது 12 மாதம் நேரடியாக நோயாளிகளைப் பார்த்தாக வேண்டும். ஆராய்ச்சி, தனிப்பிரிவுப் பயிற்சியெல்லாம் மீதிக் காலத்தில்தான். கடைசியில் போர்டு (சிறப்புச் சான்று) தேர்வு. குழந்தைகள் பிரிவு என்றால் ஃபெலோஷிப்பே மூன்று வருடம். மேட்ச் (பயிற்சி இடங்களை ஒதுக்கும் முறை) முடிவு டிசம்பரில் வரும், சேர்வது அடுத்த ஜூலையில்.

கே: டிரான்ஸ்பிளான்ட் ஐ.டி. (உறுப்பு மாற்று நோயாளிகளின் தொற்றுநோய்) தனிப் படிப்பா? அங்கே அப்படி என்ன வித்தியாசம்?

ப: சில இடங்களில் இரண்டாம் வருடத்துக்குள்ளேயே தருகிறார்கள், சில இடங்களில் கூடுதலாக ஒரு வருடம். எனக்கு மிகவும் பிடித்த கிளை இது. உறுப்பு மாற்றத்துக்குக் காத்திருப்பவரிடம் நான் முதலில் கேட்பது, "எங்கே பிறந்து வளர்ந்தீர்கள்?" என்றுதான். வெப்பநாட்டு மண்ணில் வெறுங்காலோடு நடந்தவரின் குடலில் ஸ்ட்ராங்கிலாய்டஸ் புழு பல பத்தாண்டுகள் தொந்தரவே தராமல் இருக்கலாம். அறுவைக்குப் பின் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஸ்டீராய்டு கொடுத்ததும் அது பெருகி நுரையீரல் வரை பரவும். குடல் பாக்டீரியாவும் கூடவே ரத்தத்தில் கலக்கும். அந்தக் கட்டத்தில் காப்பாற்றுவது கடினம். முன்பே ரத்தப் பரிசோதனை செய்து ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைக் கொடுத்திருந்தால் வராமல் தடுத்திருக்கலாம்.

சைட்டோமெகலோ வைரஸும் அப்படித்தான். கொடையாளிக்கு இருந்து, பெறுபவருக்கு இல்லையென்றால் ஆபத்து மிக அதிகம். மாதக்கணக்கில் தடுப்பு மருந்து தேவைப்படும். விண்ணப்பிக்கும்போது அந்த மருத்துவமனையில் எந்தெந்த உறுப்புகள் மாற்றுகிறார்கள், லுக்கீமியா (ரத்தப் புற்றுநோய்) நோயாளிகளையும் ஃபெலோ பார்ப்பாரா என்று அவசியம் கேளுங்கள்.

கே: ஆன்டிபயாடிக் ஸ்டூவர்ட்ஷிப் என்றால் மருந்து தர மாட்டேன் என்று சொல்லும் வேலைதானே மேடம்?

ப: அது பாதிகூட இல்லை. சரியான ஆன்டிபயாடிக் சரியாகப் போகிறதா என்று பார்ப்பதுதான் வேலை. ரத்தக் கல்ச்சரில் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, நோயாளிக்கு வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வையுங்கள். கிருமி மெத்திசிலின் வகை ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படுவது என்று தெரிந்த அன்றே செஃபசோலினுக்கு மாற்றச் சொல்ல வேண்டும், அதுதான் சிறந்த மருந்து. ரத்தம் சுத்தமாகும் வரை மறுபடி கல்ச்சர் எடுத்தார்களா, எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்தார்களா என்று விடாமல் கேட்க வேண்டும். இந்தக் கிருமி ரத்தத்தில் இருக்கும்போது ஐ.டி. மருத்துவர் வந்து பார்த்தால் இறப்பு குறைகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு மருத்துவமனை முழுக்கப் பயன்பெறும் வேலை இது.

கே: எனக்கு ஐ.சி.யு.வும் பிடிக்கும். இரண்டையும் சேர்த்துப் படிக்கலாமா?

ப: தாராளமாக. சேர்த்து மூன்று வருடம், இரண்டு போர்டும் எழுதலாம். இடங்கள் குறைவு, முன்கூட்டியே விசாரியுங்கள்.

கே: இந்தத் துறையில் வருமானம் குறைவு என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

ப: உண்மைதான். கார்டியாலஜி (இதயத் துறை) போல இதில் தனிக் கட்டணம் கிடைக்கும் ப்ரொசீஜர்கள் (சிகிச்சைச் செயல்முறைகள்) கிடையாது. மேட்சில் இடங்கள் காலியாகவே நிற்பதற்கு அது ஒரு முக்கியக் காரணம். மணிக்கணக்கில் யோசித்து நோயைக் கண்டுபிடிப்பவருக்குக் குறைவாகக் கொடுப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். வீட்டில் உண்மையைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள்.

கே: ஜே-1 விசாவில் (பயிற்சிக்கு வருபவர்களுக்கான அமெரிக்க விசா) இருக்கிறேன். முடித்ததும் ஊருக்குத் திரும்பியே ஆக வேண்டுமா?

ப: இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். அந்த விலக்குக்கான கான்ராட் திட்டத்தில் ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுக்கு 30 மருத்துவர்களுக்குப் பரிந்துரைக்கலாம். பொதுவாக மருத்துவர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

கே: நான் மதுரையில் எம்.டி. முடிக்கப்போகிறேன். வெளிநாடு போகாமல் இங்கேயே வழி உண்டா?

ப: உண்டு தம்பி. எம்.டி.க்குப் பிறகு மூன்று வருட டி.எம். (சிறப்பு மேற்படிப்பு) வேலூர் சி.எம்.சி.யிலும் டெல்லி எய்ம்ஸிலும் இருக்கிறது. சிறு பூச்சிக் கடியால் வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலை இங்கே அமெரிக்காவில் நாங்கள் புத்தகத்தில்தான் பார்க்கிறோம். அங்கே காய்ச்சலோடு வருபவரின் அக்குள், இடுப்பு மடிப்பு, மார்புக்கு அடியில் எல்லாம் தேடி, சிகரெட் சுட்டது போன்ற அந்தக் கறுத்த பொருக்கைக் கண்டுபிடித்து, அன்றே டாக்சிசைக்ளின் தொடங்கப் பழகிவிடுவீர்கள். உங்கள் நிலையில் நான் இருந்தால் வேலூருக்குத்தான் முதலில் முயற்சி செய்வேன்.