மண்ணைப் படிக்கப் போகிறேன் என்கிறாள் மகள்

அன்புள்ள ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். "நாலு வருஷம் சிவில் படிக்க வைத்தேன். இப்போது எம்.இ.யில் மண்ணைத்தான் படிப்பேன் என்கிறாள். கடலுக்கடியில் சிமென்ட் கலக்கிற வேலையாம். இதில் என்ன எதிர்காலம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் ஊர் நாகப்பட்டினம். கழிமுகச் சேற்றில் கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்தில் பல இடங்களில் துறைமுகச் சுவரையும் விமான ஓடுதளத்தையும் அந்த மாதிரிச் சேற்றின் மேல்தான் நிறுத்த வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் சேற்றைத் தோண்டி அள்ளிவிட்டு மணலைக் கொட்டுவார்கள். 1998இல் திறந்த ஹாங்காங் விமான நிலையத்துக்குப் பெரும்பாலும் அப்படித்தான் செய்தார்கள். அதன் மூன்றாவது ஓடுதளத்துக்கு 650 ஹெக்டேர் கடலை நிரப்பும் வேலையை 2016இல் தொடங்கியபோது அப்படித் தோண்டி அள்ள முடியவில்லை. அந்த இடத்தில் ஒரு பகுதி, நச்சுக் கலந்த சேற்றைப் பல ஆண்டுகளுக்கு முன் புதைத்து மூடிய குழிகள். கிளறினால் நஞ்சு கடலில் பரவும். பக்கத்திலேயே இளஞ்சிவப்பு டால்பின்கள் வாழ்கின்றன. அதனால் அந்தக் குழிகளிலும் கடற்சுவர் வரும் இடங்களிலும் சேற்றை அள்ளாமல், இருந்த இடத்திலேயே கெட்டியாக்கினார்கள். முதலில் மேலே மணல் விரிப்பு. அப்புறம் மிதவையிலிருந்து நீண்ட தண்டுகளைச் சேற்றுக்குள் இறக்கி, நுனியிலுள்ள அலகுகள் சுழலச் சுழல சிமென்ட் பாலைச் செலுத்திக் கலந்தார்கள். 2022இல் அந்த ஓடுதளம் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. 1970களில் ஜப்பான் துறைமுகங்களில் வளர்ந்த முறை இது.

இது கொத்தனார் கலவை போடுகிற மாதிரி வேலையில்லை. சிமென்ட் முதலில் சேற்றிலுள்ள தண்ணீரைப் பிடித்து இறுகும். அதிலிருந்து வெளிவரும் சுண்ணாம்பு, களிமண்ணோடு மாதக்கணக்கில் மெதுவாக வினைபுரிந்து மேலும் வலுவாக்கும். மக்கிய இலைதழை மிகுந்த சேறாக இருந்தால் இது சரியாக நடக்காது. நூறு மீட்டர் தள்ளினால் மண் வேறு மாதிரி இருக்கும். ஒரு கன மீட்டருக்கு 100 கிலோ சிமென்ட் போதுமா, 300 கிலோ வேண்டுமா? குறைத்தால் சுவர் சரியும். கூட்டினால் பணமும் வீண், சிமென்ட் சூளையின் கரியமில வாயுவும் வீண். அதை முடிவு செய்கிறவர்தான் உங்கள் மகள் ஆக நினைக்கிற மண் பொறியாளர்.

போன வருஷம் சில மாணவர்களை ஒரு கல்லூரியின் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அழைத்துப் போனேன். குழாயிலிருந்து பிதுக்கியபோது கருஞ்சாம்பல் நிறத்தில் வந்தது கடற்களி. நடுவில் சிப்பித் துணுக்குகள், மூக்கைத் துளைக்கிற உப்பங்கழி நாற்றம். கட்டைவிரலை வைத்தேன், உள்ளே போய்விட்டது. பக்கத்து மேசையில் அதே களியில் சிமென்ட் கலந்து 28 நாள் ஈரத்தில் வைத்திருந்த சின்ன உருளைகள். ஒன்றைக் கையில் எடுத்தால் கல். இயந்திரத்தில் வைத்து அழுத்தினார்கள். முள் ஏறிக்கொண்டே போய், பிறகுதான் குறுக்காக ஒரு விரிசல் விட்டது. பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரத்தில் பத்து இருபது கிலோவுக்கே பிதுங்குகிற களி, இப்படிக் கலந்த பின் ஒரு டன் வரை தாங்கும். ஒரு மாணவி அந்த உடைந்த துண்டைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள். உங்கள் மகளும் அந்த ரகமென்றுதான் தோன்றுகிறது.

இனி உங்கள் கவலைகளுக்கு வருகிறேன். சம்பளம்: ஆரம்பத்தில் ஐ.டி. வேலையைவிடக் குறைவாக இருக்கலாம், இதை மறைக்கமாட்டேன். ஆனால் இந்தத் துறையில் அனுபவம்தான் மதிப்பு; பத்து வகை மண் பார்த்தவரின் சொல்லுக்கு எடை உண்டு. பாதுகாப்பு: மிதவையில் ஷிஃப்ட் வேலை கடினம்தான். ஆழம், சிமென்ட் பால் அளவு, அலகின் சுற்று எல்லாம் திரையில் ஓடும், ராத்திரியிலும் ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். வேலையில் சேரும் முன் தங்குமிடம், கழிவறை, கரைக்கு வந்துபோக படகு வசதி பற்றி அவள் கூச்சமில்லாமல் கேட்கட்டும். அதே சமயம் இந்தத் துறையில் பாதி வேலை ஆய்வகத்திலும் வடிவமைப்பு அலுவலகத்திலும் இருக்கிறது. ஆனாலும் இரண்டு வருஷமாவது களம் பார்க்காமல் அலுவலகத்தில் உட்காருவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

படிப்பு: கிண்டி பொறியியல் கல்லூரியில் மண் இயக்கவியல், அடித்தளப் பொறியியலுக்கென்றே எம்.இ. இருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் எம்.டெக். உண்டு, கேட் (GATE) என்கிற பொறியியல் மேற்படிப்பு நுழைவுத் தேர்வு வழியாகச் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையும் கிடைக்கும். கேட் மதிப்பெண் மூன்று வருஷம் செல்லும் என்பதால் ஒரு வருஷம் இடம் கிடைக்காவிட்டாலும் பதற வேண்டாம். வீட்டை அடமானம் வைத்து உடனே வெளிநாடு அனுப்புவதை மட்டும் தள்ளிப்போடுங்கள். ஏஜென்ட் பேச்சைக் கேட்டுக் கடன் வாங்கிப் போன ஒரு பையன், மண்ணே இல்லாத ஏதோ மேலாண்மைப் படிப்பில் சேர்ந்து திரும்பி வந்து என் எதிரில் அழுதிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவளை அழைத்துக்கொண்டு வாருங்கள். மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அவளுடைய மண் ஆய்வக ரெக்கார்டு நோட்டை மட்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். அதை வைத்துக்கொண்டு பேசலாம்.