பையை விட்டுவிடுங்கள், தம்பி

கோலாலம்பூரில் வேலை கிடைத்திருக்கிறது, மனைவியோடு வருகிறேன், அங்கே வெட்டுக்குத்து, வழிப்பறி அதிகமாமே, ராத்திரி வெளியே போகலாமா, வாடகை எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையை உங்கள் கம்பெனிக்காரர்களிடமே கேளுங்கள். நான் கோலாலம்பூரை விட்டுத் தள்ளி, பந்திங் ஊர்ப் பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறவன், இப்போதைய விலை எனக்கென்ன தெரியும். வெட்டுக்குத்துப் பற்றித்தான் பேச வேண்டும். அதற்கான பதில் என் வலது முழங்கையில் தழும்பாக இருக்கிறது.

1997-இல் சாப்பாட்டுக் கடை வேலைக்கு வந்தேன். முதல் சம்பளத்தை மஞ்சப்பையில் சுருட்டி, ரோட்டுப் பக்கத் தோளில் மாட்டிக்கொண்டு கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் நடந்தேன். பின்னாலிருந்து ஒரு மோட்டார், இரண்டு பேர். இழுத்தார்கள். நான் விடவில்லை. பத்தடி தூரம் தாரில் தேய்ந்துகொண்டே போனேன். பை அவர்களோடு போனது, பையின் காது மட்டும் என் கையில். பூக்கட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மா வாளித் தண்ணீரை அப்படியே கையில் ஊற்றி, "பைக்காகவா சாகப் பார்த்தே?" என்று திட்டினார். ஊரைவிட்டு வந்தபின் என்னை உரிமையோடு திட்டிய முதல் ஆள் அவர்தான்.

ஆகவே தம்பி, பை ரோட்டுக்கு எதிர்ப்பக்கத் தோளில் இருக்கட்டும். வண்டிகளை எதிர்நோக்கி நடங்கள். காரில் போனால் பையைப் பக்கத்து சீட்டில் வைக்காதீர்கள், சிக்னலில் கண்ணாடியை உடைத்து எடுப்பார்கள். இழுத்தால் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு 999. பாஸ்போர்ட் போனால் முதலில் போலீஸ் புகார், அப்புறம் இந்தியத் தூதரகம்.

என் பாஸ்போர்ட் அன்று தப்பியது. ஏனென்றால் முதலாளி அதைத் தன் மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார்! அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி இங்கே குற்றம். எனக்கு அது தெரியவே ஆறு வருடம் ஆனது. மோட்டார்காரன் என்னிடம் எடுத்தது ஒரு மாதச் சம்பளம்தான். நீங்கள் பாஸ்போர்ட்டைப் பூட்டி வைக்கச் சொல்லி யாரிடமும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. ஊரிலிருந்து வந்த நம்மவர்கள் சிலர், வந்த மூன்றாம் மாதமே "இங்கத்தத் தமிழ்ப் பையன்கள் எல்லாம் ரௌடிகள்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். 2013-இல் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது, அதில் நம் பிள்ளைகள் நிறைய இருந்தார்கள், மறைக்கவில்லை. ஆனால் ரப்பர்த் தோட்டத்தை விற்று, தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்து, ரப்பர்ப் பால் வெட்டத் தவிர வேறு தெரியாத குடும்பங்களை நகரத்துப் பலகை வீட்டுக்குத் தள்ளினார்களே, அந்தக் கதையை இவர்கள் கேட்டதுண்டா? என் மனைவி அந்தக் கதையிலிருந்து வந்தவள். என் கையில் தண்ணீர் ஊற்றிய அம்மாவும் தோட்டத்தில் பிறந்தவர்தான்.

மாமியார் சொல்வார், அந்தக் காலத்தில் லயத்துக் கதவைக் கயிற்றால் கட்டிவிட்டு விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கூப்பிடும் இடத்துக்குப் போய்விடுவார்களாம். பந்திங்கிலேயே இப்போது எங்கள் கம்பிக் கதவுக்கு மூன்று பூட்டு. போன வாரம் மூன்றாவது சாவியைத் தொலைத்துவிட்டேன். கிழவி உள்ளே உட்கார்ந்து சிரிக்கிறார், நான் வெளியே மழையில் நின்றேன்.